தம் அடிக்கிறவனுக்கு ஈறு நோய்: புரோபயாடிக் மாத்திரை சப்பினா சரியாகுமா?

செம்பவாங்_சேகர் | 3 மார்ச், இரவு 11:42

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. வயசு 46, சிங்கப்பூர் ஷிப்யார்டுல சூப்பர்வைசர், இருபத்திரெண்டு வருஷமா தம், ஒரு நாளைக்கு பதினஞ்சு ஸ்டிக் கிட்ட போகும், நைட் ஷிஃப்ட்டுன்னா முழு பாக்கெட்டும் காலி. ஆனா பல்லு விஷயத்துல நான் ராஜான்னு நெனச்சிட்டிருந்தேன், ஏன்னா பிரஷ் பண்ணும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல, வீட்டுக்காரிக்குதான் அப்பப்ப வரும், அவளை நான் கிண்டல் வேற பண்ணுவேன்.

போன மாசம் அம்மா ஊர்லேருந்து கொடுத்தனுப்பின கைமுறுக்கைக் கடிச்சேன், கீழ வலது பக்கம் கடைவாய்ப்பல்லு ஒண்ணு உள்ள அமுங்குற மாதிரி இருந்துச்சு. விரலை வச்சு ஆட்டினா ஆடுது! மறுநாளே கிளினிக். டாக்டர் ஒரு மெல்லிசு கம்பிய ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விட்டு நம்பர் சொல்லிக்கிட்டே வர்றாரு, பக்கத்துல ஒரு பொண்ணு எழுதுது, "த்ரீ டூ த்ரீ, ஃபோர் த்ரீ சிக்ஸ்"னு, எனக்கு 4டி லாட்டரி ரிசல்ட் கேக்குற மாதிரி இருக்கு. அந்த ஆடுற பல்லு கிட்ட வந்ததும் "செவன்"னாரு. அப்புறம் "உங்க பாக்கெட்டு ரொம்ப ஆழம்"னாரு, நான் சட்டைப் பையில இருந்த சிகரெட் பாக்கெட்டைத்தான் சொல்றாருன்னு தொட்டுப் பாத்துக்கிட்டேன், அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல விழுற பள்ளத்துக்குத்தான் அந்தப் பேராம்.

இப்ப விஷயம் என்னன்னா, மரத்துப்போற ஊசி போட்டு நாலு பக்கமும் ஆழமா சுத்தம் பண்ணணுமாம், ரெண்டு மூணு தடவை வரணுமாம். எனக்கு ஊசின்னாலே ஆகாது. கூட வேலை பாக்குற ஒருத்தர் ஒரு டப்பா குடுத்தாரு, ஈறுக்குன்னே வர்ற புரோபயாடிக்காம், மிட்டாய் மாதிரி சப்பணுமாம், "நல்ல கிருமி உள்ள போயி கெட்ட கிருமியத் தொரத்திரும்"னாரு. இதை ஒரு மூணு மாசம் சப்பிட்டு அந்தச் சுத்தம் பண்றதத் தள்ளிப் போடலாமா? யாராச்சும் யூஸ் பண்ணியிருக்கீங்களா? தம்மை விடுன்னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க, அதை வீட்டுலயே கேட்டுக்கிட்டிருக்கேன்.

தேக்கா_வள்ளி | 4 மார்ச், காலை 6:15

தம்பி, காசு குடுத்து எதுக்கு நல்ல கிருமி வாங்குறீங்க, வீட்டுல தயிர் இல்லையா? எங்க பாட்டி காலையில பழைய சோத்துத் தண்ணிதான், எண்பது வயசுல கரும்பு கடிச்சாங்க. தினமும் நல்லெண்ணெய் ஒரு கரண்டி வாயில ஊத்தி பத்து நிமிஷம் கொப்பளிச்சுத் துப்புங்க, சிங்க்ல துப்பாதீங்க அடைச்சுக்கும், எங்க வீட்டுல அடைச்சு பிளம்பருக்கு அழுதேன்.

ஜூரோங்_பாலா | 4 மார்ச், காலை 9:03

ப்ரோ எல்லாம் வியாபாரம். நான் புரோபயாடிக் கேப்சூல் ரெண்டு மாசம் முழுங்கினேன், வயித்துக்கு ஏதோ பரவாயில்ல, ஈறு அப்படியேதான் இருக்கு. விலையப் பாத்தீங்களா, அந்தக் காசுக்கு ரெண்டு தடவை ஸ்கேலிங் பண்ணிடலாம்.

பல்லு_தெரபிஸ்ட் | 4 மார்ச், இரவு 8:20

நான் இங்க ஓரல் ஹெல்த் தெரபிஸ்டா வேலை பாக்குறேன், பல் டாக்டர் இல்ல, ஆனா நாள் முழுக்க ஈறுதான் என் பொழப்பு. சேகர் அண்ணே வாயை நான் பாக்கல, அதனால பொதுவா சொல்றேன், உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு.

மொதல்ல அந்த "ரத்தமே வந்ததில்ல" விஷயம். சிகரெட் பிடிக்கிறவங்க எங்க நாற்காலியில உக்காந்ததும் முக்கால்வாசிப் பேரு இதைத்தான் பெருமையா சொல்லுவாங்க. நிகோட்டின் ஈறுல இருக்குற சின்னச் சின்ன ரத்தக் குழாயச் சுருக்கிடும், அதான் வீக்கம் சிவப்பு ரத்தம் எதுவும் வெளிய தெரியாது, மேல பாத்தா கெட்டியா வெளிறிப்போன ஈறு, உள்ள எலும்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும். உங்க வீட்டுக்காரிக்கு ரத்தம் வருதுல்ல, அவங்களுக்கு அலாரம் வேலை செய்யுது, உங்களுக்கு அலாரம் ஒயர் அறுந்துபோச்சு. (அவங்களையும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க.)

அந்த நம்பர் எல்லாம் மில்லிமீட்டர். மூணு வரைக்கும் பரவாயில்ல, நாலுலேருந்து கவனிக்கணும், ஆறு ஏழுன்னா ஆழம். ஏழு மில்லிமீட்டர் கீழ உங்க பிரஷ்ஷும் போகாது, நூலும் போகாது, நல்லெண்ணெயும் போகாது வள்ளி ஆன்ட்டி கோவிச்சுக்காதீங்க. அங்க வேர் மேல அழுக்கு இறுகி கல்லா ஒட்டியிருக்கும். தோசைக்கல்லுல வருஷக்கணக்கா கரி புடிச்சிருக்குன்னு வைங்க, அது மேல எவ்வளவு தயிரு ஊத்தினாலும் கரி போகுமா? சுரண்டித்தான் எடுக்கணும். உங்க டாக்டர் சொன்ன ஆழமான கிளீனிங் அதுதான். புரோபயாடிக்கு சுரண்டுற வேலையச் செய்யாது, சுரண்டி முடிச்ச பெறகு அந்த இடத்துல திரும்பக் கெட்டது குடியேறாம கொஞ்சம் இடத்தப் புடிச்சுக்குமாங்கறதுதான் கேள்வியே. தள்ளிப் போடாதீங்க.

பாலா, நீங்க முழுங்கினது வயித்துக்குப் போற கேப்சூல், அது வாயில நிக்கவே இல்லையே, நேரா தொண்டை வழியா இறங்கிடுச்சு. ஈறுக்குன்னு வர்றது வாயில வச்சு மெதுவாக் கரைக்கிற மாத்திரை.

ஜூரோங்_பாலா | 4 மார்ச், இரவு 8:51

சரி ஒத்துக்குறேன், கேப்சூல் தப்புதான். ஆனா சப்புற மாத்திரை மட்டும் வேலை செய்யும்னு எவன் சொன்னான், விக்கிறவன்தானே?

முன்னாள்_புகைவண்டி | 5 மார்ச், காலை 7:30

சேகர் ப்ரோ தம்மை விடச் சொல்லாதேன்னீங்க, சொல்லல. என் கதைய மட்டும் சொல்றேன். 2021ல விட்டேன், ஹெல்த் புரமோஷன் போர்டோட ஐ குவிட் திட்டத்துல சேந்து, 28 நாள் தாண்டினா திரும்பப் புடிக்காம நிக்கிற வாய்ப்பு அஞ்சு மடங்குன்னு சொன்னாங்க, சரி 28 நாள்தானேன்னு காலண்டர்ல கோடு போட்டுக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது மூணாவது வாரம் இருக்கும், காலையில பிரஷ் பண்ணித் துப்பினா சிங்க் முழுக்க ரத்தம். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, புடிச்ச வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன், விட்டதும் வியாதி வந்துருச்சேன்னு சத்தியமா கீழ போய் ஒரு பாக்கெட்டு வாங்கிட்டு வந்துட்டேன், பிரிக்கல. கிளினிக்ல போய்க் கேட்டா சிரிக்கிறாங்க, ரத்த ஓட்டம் திரும்புது, இத்தனை வருஷம் மறைஞ்சிருந்த வீக்கம் இப்பத்தான் வெளிய தெரியுதுன்னு. இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா அன்னிக்கு 15 வெள்ளி மிச்சம்.

பல்லு_தெரபிஸ்ட் | 5 மார்ச், மதியம் 1:10

இது ரொம்ப முக்கியமான போஸ்ட்டு, இந்த ஒரு காரணத்தாலயே பலபேரு திரும்ப ஆரம்பிச்சிடுறாங்க. நன்றிங்க.

செம்பவாங்_சேகர் | 5 மார்ச், இரவு 10:05

ஐயோ கரி புடிச்ச தோசைக்கல்லா என் வாயி. சரி சுரண்டல் தப்பிக்க முடியாதுன்னு புரியுது, நாள் வாங்கிட்டேன், 12ம் தேதி. இப்ப பாலா கேட்டதையே நானும் கேக்குறேன், சுத்தம் பண்ணிட்டு அது கூட இந்த மாத்திரைய எடுத்தா ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா? என்ன மாதிரி புகை பிடிக்கிறவன வச்சு யாராச்சும் பாத்திருக்காங்களா? டப்பாவுல லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரின்னு போட்டு பின்னாடி ஏதேதோ நம்பர் இருக்கு.

லேப்_ரகு | 6 மார்ச், அதிகாலை 12:48

நம்ம ஏரியா வந்துருச்சு. நான் மைக்ரோபயாலஜி படிச்சவன், பல்லு ஆளு இல்ல.

அந்த நம்பர்தான் முக்கியம், பேரு இல்ல. ரியூட்டெரின்னு ஒரே பேர்ல நிறைய ரகம் இருக்கு, பொன்னியும் அரிசிதான் பாஸ்மதியும் அரிசிதான், பொன்னியில பிரியாணி பண்ணிட்டு சரியா வரலன்னு சொல்லக்கூடாது. ஈறு ஆராய்ச்சி பெரும்பாலும் டிஎஸ்எம் 17938, ஏடிசிசி பிடிஏ 5289ன்னு ரெண்டு ரகத்தைச் சேத்து வர்ற மாத்திரையில நடந்தது, ஒரு மாத்திரையில ரெண்டும் தலா பத்து கோடி. புது டப்பாவுல லிமோசிலாக்டோபேசில்லஸ்னு போட்டிருந்தா டூப்ளிகேட்னு நெனச்சிடாதீங்க, 2020ல அந்தக் குடும்பத்தையே பிரிச்சு பேரு மாத்திட்டாங்க, ஆளு பழைய ஆளுதான்.

2013ல ஒரு ஆய்வு வந்துச்சு, 30 பேரு, எல்லாருக்கும் சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டு பாதிப்பேருக்கு இந்த மாத்திரை, பாதிப்பேருக்கு மருந்தில்லாத டம்மி, தினம் ரெண்டு வேளை 12 வாரம். ரெண்டு கூட்டத்துக்கும் முன்னேற்றம் இருந்துச்சு, ஆழமான பாக்கெட்டுல மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் கொஞ்சம் கூட. இதுல கவனிக்க வேண்டியது, டம்மி சப்பினவங்களுக்கும் நல்லாத்தான் ஆச்சு, ஏன்னா சுரண்டினது ரெண்டு பேருக்கும்தான்.

புகை பிடிக்கிறவங்க பத்தி சேகர் கேட்டதுக்கு, 2008ல ஜப்பான்ல 66 பேரை வச்சு லாக்டோபேசில்லஸ் சாலிவேரியஸ்னு வேற ஒரு கிருமி, 8 வாரம் குடுத்துப் பாத்தாங்க. அதுல புகை பிடிக்கிறவங்களைத் தனியாப் பிரிச்சுப் பாத்தப்போ, மாத்திரை எடுத்தவங்களுக்கு டம்மி எடுத்தவங்களை விட அழுக்குப் படியிறதும் பாக்கெட்டு ஆழமும் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. கேக்க நல்லாருக்குல்ல? ஆனா அவங்க யாருக்கும் நோய் முத்திப்போகல, நம்ம சேகரோட ஏழு மில்லிமீட்டர் கேஸ் அதுல இல்ல. அப்புறம் பிரேசில்லயும் புகை பிடிக்கிறவங்களை மட்டுமே வச்சு ரியூட்டெரி குடுத்துப் பாத்திருக்காங்க. எல்லாமே சின்னச் சின்ன கூட்டம்தான்.

ஏன் புகை பிடிக்கிறவங்ககிட்ட ஆர்வமா பாக்குறாங்கன்னா, அவங்க பாக்கெட்டுக்குள்ள ஆக்சிஜன் கம்மி, காத்தே ஆகாத கெட்ட கிருமிகளுக்கு, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் மாதிரி ஆளுங்களுக்கு, அது சொகுசு பங்களா. சுத்தம் பண்ணினாலும் சீக்கிரம் திரும்பி வந்துடுதுங்க. ரியூட்டெரி கிளிசராலை வச்சு 'ரியூட்டெரின்'னு ஒரு பொருளை உண்டாக்கும், அது மத்த கிருமிய அடக்கும். இதெல்லாம் கண்ணாடித் தட்டுல அழகா நடக்கும், வாய்க்குள்ள எச்சில் ஓடிக்கிட்டே இருக்குற இடத்துல எவ்வளவு நடக்குதுங்கறதுதான் சண்டையே.

ஜூரோங்_பாலா | 6 மார்ச், காலை 8:12

இவ்வளவு எழுதிட்டு ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்களே ரகு சார். ஐரோப்பாவுல ஈறு டாக்டருங்க சங்கம், யூரோப்பியன் ஃபெடரேஷன் ஆஃப் பெரியோடான்டாலஜி, 2020ல வழிகாட்டி போட்டாங்க, அதுல இந்தச் சுத்தம் பண்ற சிகிச்சையோட சேத்து புரோபயாடிக் குடுக்க வேணாம்னே சொல்லியிருக்காங்க. நானும் கூகுள் பண்ணுவேன்ல.

லேப்_ரகு | 6 மார்ச், காலை 8:40

விடல, அடுத்த போஸ்ட்டுக்கு வச்சிருந்தேன், தூக்கம் வந்துருச்சு 😅 ஆமா, சரிதான். கெடுதல்னு சொல்லல, கிடைக்கிற பலன் அந்தச் செலவுக்கும் சிரமத்துக்கும் ஈடா இருக்கான்னு பாத்தா ஆதாரம் பத்தலன்னு முடிவு பண்ணாங்க. என் கணக்கு இதுதான்: கையில காசு இருந்து, சுத்தம் பண்றது, பல்லிடுக்குக் குட்டிப் பிரஷ், தம்மு மூணையும் கவனிச்ச பெறகும் ஆசை இருந்தா வாங்குங்க. மூணுல ஒண்ணு விட்டுப்போனாலும் அந்தக் காசுக்கு கோப்பி குடிங்க.

துவாஸ்_மணி | 6 மார்ச், இரவு 9:55

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் டார்மிட்டரில இருக்கேன், ஒர்க் பெர்மிட். எனக்கும் ஈறு எறங்கி பல்லு நீளமாத் தெரியுது, ஊர்ல இருந்தப்ப பொகையிலை போட்டுப் பழக்கம், இங்க அது தடைங்கறதால சிகரெட்டுக்கு மாறிட்டேன். எங்க ரூம்ல ஒருத்தன் வேப்புக்கு (மின் சிகரெட்டுக்கு) மாறு ஈறுக்கு நல்லதுங்கறான். கம்பெனி இன்சூரன்ஸ்ல பல்லு இல்லன்னுட்டாங்க. இந்த மாத்திரை எல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. என்ன பண்றது?

பல்லு_தெரபிஸ்ட் | 6 மார்ச், இரவு 10:30

மணி தம்பி, மொதல்ல வேப்பு வேணவே வேணாம், இங்க 2018லேருந்து கையில வச்சிருக்குறதே குத்தம், வேலை போயிரும் ஊருக்கு அனுப்பிருவாங்க. அதுலயும் நிகோட்டின்தான், ஈறுக்கு ஒண்ணும் விடிவு இல்ல.

மாத்திரைய மறந்துடுங்க, உங்களுக்கு அது தேவையே இல்ல. கேலாங்ல ஹெல்த்செர்வ்னு தொண்டு அமைப்பு இருக்கு, வெளிநாட்டுத் தொழிலாளருங்களுக்குக் கொறஞ்ச காசுல பல்லும் பாக்குறாங்க, ஃபோன் பண்ணி நாள் கேட்டுட்டுப் போங்க. மத்தபடி ரெண்டே சாமான்: மென்மையான பிரஷ், அப்புறம் பல்லுக்கு நடுவுல விடுற குட்டிப் பிரஷ். உங்க பல்லு இடைவெளிக்குத் தக்க சைஸ் வாங்கணும், உள்ள போனதும் லேசா உரசணும், ஆனா தள்ளித் திணிக்கக்கூடாது. நைட்டு ஷிஃப்ட் முடிஞ்சு எவ்வளவு களைப்பா வந்தாலும் அதைப் போட்டுட்டுப் படுங்க. ரத்தம் வந்தா நிறுத்தாதீங்க, வந்த இடத்துலதான் வேலையே இருக்கு.

சேகர் அண்ணே நீங்க சிட்டிசன்னா சாஸ் கார்டு (அரசாங்கத்தோட வைத்தியச் செலவு உதவி கார்டு) எடுத்துட்டுப் போங்க, கலரப் பொறுத்து கழிவு உண்டு, கிளினிக்லயே கேட்டுக்கோங்க.

தேக்கா_வள்ளி | 7 மார்ச், காலை 6:40

கண்ணு, நீ சொன்னதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கல. எங்க வீட்டுக்காரருக்கு சக்கரை, அவரும் ஒரு காலத்துல பீடி. அவருக்கும் ஈறு வீங்கும். தயிர் குடுத்தாத் தப்பில்லையே? அந்த மாத்திரை குடுக்கலாமா?

பல்லு_தெரபிஸ்ட் | 7 மார்ச், மதியம் 12:55

தயிர் தாராளமா சாப்பிடட்டும் ஆன்ட்டி, சாப்பாடாச் சாப்பிடட்டும், ஈறு மருந்தா நெனைக்க வேணாம். பாட்டில்ல வர்ற இனிப்பு பால் பானம்னா சக்கரைய லேபிள்ல பாத்துக்கோங்க. சக்கரையும் ஈறும் ரெண்டு பக்கமும் இழுக்கும், சக்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சக்கரை அடங்காது. ஈறுக்கு ஒழுங்கா வைத்தியம் பாத்தா மூணு மாச சராசரி, எச்பிஏ1சி, 0.4 கிட்ட எறங்குதுன்னு பாத்திருக்காங்க, சக்கரை நோய்க்கு இன்னொரு மாத்திரை கூட்டுற அளவுக்குச் சமம்னு வச்சுக்கோங்க. அதனால மாமாவைக் கூட்டிக்கிட்டு கிளினிக் போங்க. புரோபயாடிக் மாத்திரைய அவரோட டாக்டர்கிட்ட கேக்காமக் குடுக்காதீங்க. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் கொறஞ்சவங்க, இதய வால்வு மாத்தினவங்களுக்கு இந்த நல்ல கிருமியே ரத்தத்துல எறங்கி வம்பு பண்ணின கேஸ் அபூர்வமா இருக்கு.

செம்பவாங்_சேகர் | 13 மார்ச், காலை 5:20

நேத்து வலது பக்கம் முடிஞ்சுது. ஊசி ஒண்ணும் அவ்வளவு இல்ல, நான் கத்துவேன்னு நெனச்சேன், கத்தல. ஆனா அந்தச் சத்தம் இருக்கே, இரும்புத் தகட்டுல துரு சுரண்டுற சத்தம், எங்க யார்டுல கப்பல் அடித்தட்டுல கேப்பேன், இப்ப என் வாய்க்குள்ளயே. ஒரு கல்லை எடுத்து டிஷ்யூல வச்சுக் காட்டினாரு, கறுப்பா, மிளகு சைஸ். இருபது வருஷ சிகரெட்டு அதுல இருக்குன்னாரு.

ஒரு சந்தேகம், குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கக் குடுத்திருக்காங்க, ரெண்டு வாரம். மாத்திரையும் சேத்து ஆரம்பிக்கவா?

பல்லு_தெரபிஸ்ட் | 13 மார்ச், இரவு 7:15

வேணாம், அது நல்லது கெட்டது பாக்காம எல்லாக் கிருமியையும் கொல்லும், நீங்க காசு குடுத்து வாங்கின நல்ல கிருமியையும் சேத்துத்தான். கொப்பளிக்கிறது முடியட்டும். அப்புறம் ஆசைப்பட்டா ராத்திரி எல்லாம் தேய்ச்சு முடிச்சு கடைசியா ஒண்ணு வாயில போட்டு, கடிக்காம கரைய விட்டுட்டு, தண்ணி குடிக்காமப் படுத்துடுங்க. காலையிலயும் அப்படியே. டப்பாவை லாரி டேஷ்போர்டுல வைக்காதீங்க, நம்ம ஊரு வெயில்ல உள்ள ஒண்ணும் உசிரோட இருக்காது. நிறுத்தினாக் கொஞ்ச நாள்ல அந்தக் கிருமியும் வாயை விட்டுப் போயிடும், குடும்பத்தோட செட்டில் ஆகுற ஆளு இல்ல அது.

கோப்பியைக் கொறைங்க, இல்லன்னா அந்தத் தண்ணியோட சேந்து பல்லு பழுப்பாயிடும்.

செம்பவாங்_சேகர் | 21 ஜூன், இரவு 11:10

இழையத் தூசி தட்டுறேன், மன்னிச்சிக்கோங்க. இன்னிக்குத் திரும்ப அளந்தாங்க. நாலு பக்கமும் முடிஞ்சு மூணு மாசம் ஆகப்போவுது.

மொத்தமா நல்லா எறங்கியிருக்கு, ஆறு இருந்த இடமெல்லாம் நாலு, சில இடம் மூணு. அந்த ஏழு மட்டும் அஞ்சுலயே நிக்குது, ஆட்டம் கொறஞ்சிருக்கு ஆனா போகல, ஈறைத் தொறந்து சுத்தம் பண்ற சின்ன ஆபரேஷன் வேணுமான்னு அடுத்த தடவை பாக்கலாம்னாரு. இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணுமாம்.

மாத்திரை ஆறு வாரம் சப்பினேன், ஒழுங்காத்தான் சப்பினேன். அதுனால ஆச்சா சுரண்டினதால ஆச்சான்னு என்னால சொல்ல முடியாது, டம்மி சப்பிப் பாக்க எனக்கு இன்னொரு வாய் இல்லையே ரகு. இன்னொரு டப்பா வாங்கல.

தம்மு. பதினஞ்சுலேருந்து ஆறுக்கு வந்தேன், ஏப்ரல்ல. ஈறு நோய் எவ்வளவு வேகமா முத்தும்ங்கறதுக்கு டாக்டர் என்னை மொதல்ல கிரேடு சின்னு எழுதியிருந்தாரு, ஒரு நாளைக்குப் பத்தும் அதுக்கு மேலயும்னா அந்தக் கணக்காம். ஆறு பிடிக்கிறேன் இப்ப பி தானேன்னு கேட்டேன், இது என்ன பிஎஸ்எல்இ பரீட்சை மார்க்கான்னுட்டாரு. மே கடைசியில அதையும் நிறுத்திட்டேன், இன்னியோட 23 நாள். முன்னாள்_புகைவண்டி சொன்ன மாதிரியே போன வாரம் சிங்க்ல ரத்தம், வீட்டுக்காரி பாத்துட்டு "இப்ப யாரு கிண்டல் பண்றது"ன்னா.

முன்னாள்_புகைவண்டி | 22 ஜூன், காலை 6:02

இன்னும் அஞ்சே நாள் ப்ரோ!! ரத்தத்தப் பாத்து கீழ போயிடாதீங்க.

துவாஸ்_மணி | 22 ஜூன், இரவு 9:40

அண்ணே சூப்பர். நான் கேலாங் போய்ட்டு வந்தேன், சுத்தம் பண்ணிவிட்டாங்க, அந்தக் குட்டிப் பிரஷ் தினம் போடுறேன், ரூம்ல நாலு பேருக்கு வாங்கிக் குடுத்துட்டேன்.

தேக்கா_வள்ளி | 23 ஜூன், காலை 6:30

நல்லது தம்பி. பாக்கெட்டு எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு வீட்டுக்காரர் கேக்கச் சொன்னாரு.

செம்பவாங்_சேகர் | 23 ஜூன், காலை 7:05

எந்தப் பாக்கெட்டு ஆன்ட்டி? வாயில இருக்குறது ஏழுலேருந்து அஞ்சு. சட்டையில இருந்தது சைபர்.